ஊரும் ஸ்டேஷனும் சேர்ந்து திருட்டைத் தடுக்க: எங்கிருந்து தொடங்குவது, என்ன செலவாகும், எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

ஆடு போகிறது, கிணற்று மோட்டாரின் வயர் போகிறது, கோவில் உண்டியலை இரண்டாவது தடவையாக உடைத்துவிட்டார்கள். ஊரே ஆலமரத்தடியில் கூடிப் பேசுகிறது. "போலீஸ் ஒண்ணும் பண்ண மாட்டேங்குது" என்று ஒருவர் சொல்ல, "நாமளே ராத்திரி காவல் காப்போம்" என்று இன்னொருவர் சொல்ல, இரண்டு வாரம் இளைஞர்கள் டார்ச் லைட்டோடு சுற்றிவிட்டு ஓய்ந்துபோகிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலும் இப்படித்தான் தொடங்கியது. அதை ஒழுங்கான ஏற்பாடாக மாற்றுவதற்குள் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தித் தருகிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்காக எழுதியது. பெயர்களும் படிவங்களும் மாவட்டத்துக்கு மாவட்டம் கொஞ்சம் மாறும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நல்ல இன்ஸ்பெக்டர் ஒருவர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். அவர் மாற்றலாகிப் போய்விடுவார். எழுத்தில் இருப்பதுதான் ஊரில் தங்கும்.

1. இரண்டு வருடக் கணக்கை எழுதுங்கள்

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். கடந்த இரண்டு வருடத்தில் ஊரில் என்னென்ன போனது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். தேதி, ஏறக்குறைய நேரம், இடம், பொருள், மதிப்பு, எந்த வழியாக வந்தார்கள், புகார் கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். (புகாருக்கு ஸ்டேஷன் தரும் ரசீது) எண் அல்லது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) எண்.

இது எதற்கு என்றால், நீங்கள் போய் உட்கார்ந்ததும் வரும் முதல் பதில் "உங்க ஊர்ல கேஸே இல்லையே" என்பதுதான். அது பொய்யும் இல்லை. ஆடு போனவர்களில் பெரும்பாலானோர் புகாரே கொடுத்திருக்க மாட்டார்கள். ரெக்கார்டில் குற்றமே இல்லாத ஊருக்கு ரோந்து வராது.

இந்தக் கணக்கில் இன்னொரு லாபமும் உண்டு. எழுதி முடித்து ஒரு தடவை மேலிருந்து கீழே பாருங்கள். எங்கள் பட்டியலில் ஆடு திருட்டுகள் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரவுகளிலும் தீபாவளியை ஒட்டியும் குவிந்திருந்தன. எல்லாமே மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரே மண்பாதை வழியாக. பைக்கில் இரண்டு பேர், நடுவில் ஆடு. கேமராவை எங்கே வைப்பது, ரோந்து எத்தனை மணிக்கு வேண்டும் என்பதை அந்த நோட்டுதான் சொன்னது. ஒரு வாரம் ஒதுக்கினால் போதும், நோட்டு விலையைத் தவிர வேறு செலவில்லை.

2. உங்கள் ஸ்டேஷன் எது, உங்கள் ஊருக்குப் பொறுப்பு யார்

கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் ஒரே ஊராட்சியின் இரண்டு குக்கிராமங்கள் வெவ்வேறு ஸ்டேஷன் எல்லையில் வருவது சாதாரணம். வி.ஏ.ஓ.விடமோ ஸ்டேஷனிலோ கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். திருடர்கள் எல்லைப் பாதைகளை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்தது, உங்கள் ஊருக்கென்று ஒதுக்கப்பட்ட காவலர் யார் என்று கேளுங்கள். பல மாவட்டங்களில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு காவலரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்குத்தான் அது தெரிவதில்லை. அவர் பெயரையும் ஸ்டேஷன் எண்ணையும் ஊராட்சி அலுவலகச் சுவர், ரேஷன் கடை, பால் சொசைட்டி மூன்றிலும் பெயிண்டில் எழுதி வையுங்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம், ஒரே மழையில் கிழிந்துவிடும்.

போகும் நேரமும் முக்கியம். காலையில் போனால் கோர்ட்டுக்கும் டூட்டிக்கும் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். பக்கத்து ஊரில் திருவிழா பந்தோபஸ்து இருக்கும் வாரத்தில் போகவே வேண்டாம். முன்கூட்டியே ஒரு போன் செய்துவிட்டு சாயங்காலம் போங்கள். இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். காகிதங்கள் எல்லாம் அவர் மேஜையில்தான் இருக்கும்.

3. குழுவில் யார் இருக்க வேண்டும்

பத்துப் பதினைந்து பேர் போதும். தெருவுக்கு ஒருவராவது வேண்டும், காலனியும் அதில் சேர்த்திதான். ஊர்த்தெரு ஆட்கள் மட்டும் குழு அமைத்துக்கொண்டு காலனிப் பையன்களைக் கண்காணிக்கிற கூத்து சில ஊர்களில் நடக்கிறது. அதற்குக் குற்றத் தடுப்பு என்று பெயர் வைக்க முடியாது. அந்த ஊரில் சாதிச் சண்டை வந்தால் ஸ்டேஷன் முதலில் கலைப்பது அந்தக் குழுவைத்தான்.

பெரிய மனிதர்களை மட்டும் போட்டு நிரப்பாதீர்கள். பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர், அதிகாலையில் பால் ஊற்றப் போகும் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், கடைசி பஸ்ஸை விட்டவர்களை ஏற்றிவரும் ஆட்டோக்காரர் ஆகியோரின் கண்ணில் படாமல் ஊருக்குள் எதுவும் வராது. வழக்கு நிலுவையில் இருப்பவர், எல்லாப் பஞ்சாயத்திலும் கை ஓங்குபவர் வேண்டாம்.

குழுவைப் பற்றிக் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடும். அடுத்து வருகிற நாளுக்கு முன்பே பேசவேண்டிய பொருளை எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். 2025 ஜனவரியில் பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. உங்கள் ஊரில் இப்போது கையெழுத்து அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனம்: குழு உறுப்பினருக்கு அடையாள அட்டை, தொப்பி, விசில், லத்தி எதுவும் வேண்டாம். "போலீஸ் நண்பர்" அட்டை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். ராமநாதபுரத்தில் 1993-ல் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்புக்கே 2020 ஜூலையில் அரசு தடை போட்டது. ஊர்க்காவல் படை என்பது வேறு. அதற்கு மாவட்டக் காவல்துறை ஆள் எடுக்கும், பயிற்சி கொடுக்கும். உங்கள் குழுவுக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது, அது இருக்கவும் கூடாது.

4. மனு: ஒரே பக்கம், மூன்றே கோரிக்கை

இன்ஸ்பெக்டர் பெயருக்கு மனு எழுதுங்கள், நகலை டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். இணைக்க வேண்டியவை: கிராம சபைத் தீர்மான நகல், குழுவினர் பெயர்-போன் பட்டியல், நீங்கள் எழுதிய இரண்டு வருடக் கணக்கு, கையால் வரைந்த ஊர் வரைபடம். நான்காவது காகிதத்தை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் இரவு ரோந்துக்கு வருகிற புதுக் காவலருக்கு அதுதான் உதவும்.

கோரிக்கைகளைத் தெளிவாக எழுதுங்கள். "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்" என்று எழுதினால் தக்க நடவடிக்கை எடுத்ததாகவே பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

- மண்பாதை முக்கிலும் கோவில் வாசலிலும் ரோந்துப் பதிவு இடம் (ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடும் இடம், அடுத்த பகுதியில் சொல்கிறேன்)
- மாதம் ஒருமுறை பொறுப்புக் காவலரோடு அரை மணி நேரக் கூட்டம்
- கேமரா வைக்கும் இடங்களை வந்து பார்த்துச் சொல்வது

கடைசியாகச் சொன்ன கேமரா கோரிக்கையைக் கட்டாயம் சேருங்கள். எந்தச் சாலை வழியாக வண்டிகள் தப்பிப் போகின்றன என்று போலீஸாருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் மனு "வாங்கி வச்சுட்டோம்" என்ற வாய்வார்த்தையோடு எங்கேயோ போனது. பதில் இல்லையென்றால் எஸ்.பி. அலுவலகத்தின் மனு நாளில் நேரில் கொடுங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் அது புதன்கிழமை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம், ஆனால் அது சுற்றிக்கொண்டு அதே எஸ்.பி. அலுவலகத்துக்குத்தான் வரும். செலவு ஜெராக்ஸ் காசும் பஸ் காசும்தான். இதற்கு யாரும் பணம் கேட்கக் கூடாது, கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

5. பட்டா புத்தகம்

இதைப் பற்றித் தெரியாதவர்கள்தான் அதிகம். இரவு ரோந்து போகும் காவலர் குறிப்பிட்ட இடங்களில் வைத்திருக்கும் புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பேங்க் வாசலிலும் நகைக்கடை ஷட்டர் பக்கத்திலும் சின்ன டப்பாவில் தொங்குமே, அதுதான் பட்டா புத்தகம். இப்போது பல இடங்களில் அதற்குப் பதிலாக க்யூ.ஆர். கோடு ஒட்டி, போனில் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும், உங்கள் ஊரில் அப்படி ஒரு இடம் இருந்தால் காவலர் அங்கே வந்தே ஆகவேண்டும்.

டப்பாவை ஊர்ச் செலவில் செய்யலாம், நூறு இருநூறு ரூபாய் ஆகும். மழை படாத இடமாக, தெருவிளக்கு வெளிச்சத்தில் மாட்டுங்கள். வாரம் ஒருமுறை யாராவது புரட்டிப் பார்த்தால் போதும். எப்போதும் பதினோரு மணிக்கே கையெழுத்து இருக்கிறது, உங்கள் கணக்குப்படி திருட்டு இரண்டு மணிக்கு மேல்தான் நடக்கிறது என்றால், மாதக் கூட்டத்தில் பதமாகச் சொல்லி நேரத்தை மாற்றச் சொல்லலாம். புத்தகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு அவமானப்படுத்தினால் அதோடு உறவு முடிந்தது. இரண்டு பேர் முப்பது கிராமத்தைச் சுற்றுகிற இரவுகளும் உண்டு.

6. கேமரா: பணம் போகும் இடம்

எல்லா ஊரும் முதலில் ஓடுவது இதற்குத்தான். நான் இதை ஆறாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. முன்னால் சொன்னவை இல்லாமல் கேமரா வைத்த ஊர்களில், அது கம்பத்தில் காக்கை உட்கார மட்டுமே பயன்படுகிறது.

*எத்தனை, எங்கே:* ஊரை விட்டு வண்டி வெளியேறும் வழிகளை எண்ணுங்கள். வழிக்கு இரண்டு கேமரா வீதம் கணக்கு. ஒன்று தெருவை அகலமாகப் பார்க்க, மற்றொன்று நம்பர் பிளேட்டுக்கென்று தாழ்வாக, குறுகிய கோணத்தில். சாதாரணக் கேமராவில் இரவு நேரத்தில் ஹெட்லைட்டும் அகச்சிவப்பு ஒளியும் பட்டு நம்பர் பிளேட் வெள்ளைத் துண்டாகத்தான் தெரியும். கடைக்காரர் பகலில் காட்டும் டெமோவை நம்பாமல், இரவில் ஒரு பைக்கை ஓட்டிவரச் சொல்லி எண் தெரிகிறதா என்று பார்த்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

*பதிவு எத்தனை நாள் இருக்கும்:* ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் நாளுக்குச் சுமார் 21 ஜி.பி. ஆகும். ஆறு கேமராவுக்கு முப்பது நாள் என்றால் 4 டி.பி. ஹார்ட் டிஸ்க் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். 1 டி.பி. போட்டுவிட்டு "ஒரு மாசம் நிக்கும்" என்பார்கள். ஒரு வாரம்தான் நிற்கும். வெளியூர் போனவர் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து வீடு உடைந்திருப்பதைப் பார்த்தால், பதிவு அழிந்திருக்கும்.

*செலவு:* எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் ஒரு கேமரா 3,000 முதல் 5,000 வரை இருந்தது. இரும்புக் கம்பம், கேபிள், கூலி, இன்வெர்ட்டர் சேர்ந்து கேமரா விலையைத் தாண்டிவிட்டது. ஆறு கேமராவுக்கு ஒன்றரை லட்சத்தைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், தூரம் கூடினால் கூடும். 2025 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்கும் கேமராக்களுக்கு எஸ்.டி.கியூ.சி. என்ற மத்திய அரசு அமைப்பின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

*பணம்:* வசூலுக்கு இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கும் ரசீதுப் புத்தகமும் வேண்டும். அரசுப் பணம் வேண்டுமென்றால் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று போடும் 'நமக்கு நாமே' திட்டத்தில் சேருமா என்று பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கு மாதங்கள் ஆகும் என்று தெரிந்தே கேளுங்கள்.

*அனுமதி:* கம்பம் ஊராட்சிச் சாலையில் என்றால் ஊராட்சியின் எழுத்து அனுமதி, நெடுஞ்சாலை ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையிடம். மின்வாரியக் கம்பத்தில் கட்டவே கட்டாதீர்கள். ஒரு நாள் லைன்மேன் வந்து வெட்டிப் போட்டுவிடுவார், கேட்கவும் முடியாது. மின்சாரத்தை யார் மீட்டரிலிருந்து எடுப்பது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

*எதைப் பார்க்கக் கூடாது:* குளத்துப் படித்துறை, பெண்கள் ஒதுங்கும் இடம், எவர் வீட்டு வாசல், பள்ளிக்கூடக் கழிப்பறைப் பக்கம். மாட்டி முடித்ததும் குழுவில் உள்ள பெண்களைத் திரையின் முன் உட்காரவைத்து ஒவ்வொரு கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஒரு கேமரா அப்படித்தான் திரும்பியது. பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். கடைக்காரர் போட்டுக் கொடுத்ததை அன்றே மாற்றுங்கள். லைவ் காட்சியைப் பத்துப் பேர் போனில் ஏற்றிக்கொண்டால், யார் யாரோடு பைக்கில் போனார்கள் என்ற வம்புதான் மிஞ்சும்.

7. சந்தேகம் வந்தால் என்ன செய்வது

100 அல்லது 112-க்கு அழையுங்கள். பழகிய ஏட்டையாவுக்குப் போன் அடிப்பதைவிட இது மேல், ஏனென்றால் அந்த அழைப்பு பதிவாகும். அதன் பிறகு அவருக்கும் சொல்லுங்கள், தப்பில்லை. 2022-ல் வந்த 'காவல் உதவி' செயலியைக் குழுவினர் போனில் ஏற்றி வைக்கலாம். வண்டியின் நிறம், எண், போன திசை மூன்றையும் சொன்னால் போதும்.

துரத்தாதீர்கள். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு ஸ்டேஷனின் சிறப்பு எஸ்.ஐ. ஆடு திருடர்களைத் துரத்திவந்து எங்கள் மாவட்டத்துக் கீரனூர் அருகே மடக்கினார், அங்கேயே அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். பயிற்சி பெற்ற போலீஸுக்கே அந்த நிலை.

கண்ணெதிரே திருடும்போது ஆள் சிக்கிவிட்டால்? ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றத்தை உங்கள் முன்னிலையில் செய்தவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) சட்டத்தின் 40-வது பிரிவு அது. மரத்தில் கட்டுவது, அடிப்பது, வீடியோ எடுத்துப் போடுவது எல்லாம் உங்கள் மேல் வழக்காகும்.

வெறும் சந்தேகத்தில் யாரையும் பிடிக்கவே கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊரே அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. அதனால் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே கட்டுப்பாடு போதும்: முன்பின் தெரியாதவரின் போட்டோ போடக் கூடாது. போர்வை விற்க வரும் வடமாநிலப் பையன்கள், பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள், பழைய இரும்பு எடுப்பவர்கள் எல்லோரும் பிழைக்க வருகிறவர்கள். அவர்களுக்கென்று தனி நோட்டுப் போடும் யோசனை யாரிடமிருந்து வந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

8. திருட்டு நடந்துவிட்டால்

உடைந்த பூட்டைத் தொடாதீர்கள், வாசலைப் பெருக்காதீர்கள். கைரேகை எடுக்கும் வரை கூட்டத்தை வெளியே நிறுத்துங்கள்.

புகாரில் பொருளின் மதிப்பைச் சரியாக எழுதுங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டில் இப்போது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியாது. மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். "ஆடு ஒன்று" என்று எழுதாமல் கிடாயா, பெட்டையா, நிறம், வயது, சந்தை விலை என்று எழுதுங்கள். மேய்ச்சலில் போனதா, கொட்டகைக்குள் கட்டியிருந்ததா என்பதும் முக்கியம். பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு தனிப் பிரிவில் வரும், தண்டனை ஏழு வருடம் வரை. மாடு என்றால் காதில் உள்ள 12 இலக்க எண்ணை எழுதுங்கள். ஆகவே மாட்டின் காதை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

"அது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். புகாரை மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதன் பிறகு மாஜிஸ்திரேட். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்லத் தயங்கும் பாட்டிகளிடம் இதைச் சொல்லுங்கள்: பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும்.

கேமராப் பதிவு கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், பென்டிரைவில் நகலாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நீதிமன்றத்தில் அது செல்ல, புதிய சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ.) 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் பதிவுக் கருவியைப் பராமரிப்பவர் கையெழுத்திட வேண்டிவரும். பின்னால் கோர்ட்டுக்கும் அழைப்பு வரலாம். இதற்குச் சம்மதிக்கிற ஆளையே ஆரம்பத்தில் பொறுப்பில் போடுங்கள்.

ஆடு திருட்டைவிடப் பெரிய தொகைகள் இப்போது போன் வழி மோசடியில்தான் போகின்றன. அதற்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது. பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

9. பூட்டிய வீடு

வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது. முகவரி, போகும் தேதி, வரும் தேதி, பக்கத்து வீட்டுப் போன் எண் போதும். அதோடு, கிளம்பும் படத்தை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள்.

10. வருடச் செலவும் புது இன்ஸ்பெக்டரும்

கேமரா வாங்கக் காசு கொடுத்தவர்கள் அதைப் பழுதுபார்க்கக் கொடுக்க மாட்டார்கள். வசூல் செய்யும்போதே கால் பங்கைக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். ஹார்ட் டிஸ்க் கெடும், குரங்கு கேபிளை இழுக்கும், இடி விழுந்தால் நான்கு கேமரா ஒன்றாகப் போகும். மாதக் கூட்டத்தன்று நேற்றைய இரவுப் பதிவு ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

இன்ஸ்பெக்டர் மாறினால் பொன்னாடை அவசியமில்லை. முதல் வாரமே தீர்மானம், மனு, கணக்கு நோட்டு, வரைபடம் எல்லாவற்றின் நகலையும் ஒரே கோப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ரோந்துப் பதிவு இடம் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் பிரதியில் புது முத்திரை வாங்கிவிடுங்கள். பொறுப்புக் காவலரும் மாறியிருந்தால் சுவரில் பெயரை அழித்து எழுத ஒரு டப்பா பெயிண்ட் வேண்டும்.